மூன்றாம் நாள் போகாத வீடுகள்

அடைக்கலமேரியை நான் முதலில் பார்த்தது 2002 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை. என் கையில் நாற்பது கேள்விகள் அச்சடித்த தாள் இருந்தது. ஆராய்ச்சியில் கண்டுபிடித்துச் சொல்வதைச் செவிலியர்கள் அன்றாட வேலையில் எந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவர ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு வைத்திருந்தது. செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து புள்ளியியல் படித்து வந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிற வயது.

அத்திப்பட்டு புதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடியே நடந்தால் வள்ளூர்ப் பக்கம் அந்தத் துணை சுகாதார நிலையம் வரும். இரண்டு அறைகள். செவ்வாய் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். வாசல் வரை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நீலச் சேலையில், குள்ளமாக, காதோரம் நரைத்த ஒரு அம்மா யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நான் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வர்றேன். எம்.எஸ்சி. முடிச்சிருக்கேன். நாற்பது கேள்வி இருக்கு, அரை மணி நேரம் போதும்."

"அரை அவரா? பதினோரு பேரு குந்திகினு கீறாங்க. எம்.எஸ்சி.க்கு நம்பர் படிக்கத் தெரியும்ல? அந்த எடை மிஷின்கிட்ட நின்னு படி, நைனா. நான் எய்திக்கிறேன்."

படித்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்தாறரை, முப்பத்தொன்பது. ஒரு பெண் மிஷினிலிருந்து இறங்கும்போது கேட்டாள், "இன்னா நர்சம்மா, புது கம்பவுண்டரா?"

"ஆராய்ச்சி பண்ண வந்துகீறாரு."

"யாரை?"

"என்னைத்தான். நீ பயப்படாதே, இரும்பு மாத்திரையை முழுங்கு."

ஒரு மணிக்குத்தான் என் தாளை எடுக்க முடிந்தது. முதல் வாக்கியத்தைப் படித்தேன். "ஆராய்ச்சி முடிவுகள் என் பணியின் தரத்தை உயர்த்துகின்றன. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், சொல்ல இயலவில்லை, மறுக்கிறேன், முழுமையாக மறுக்கிறேன். இதுல எது சிஸ்டர்?"

"எந்த ஆராய்ச்சி?"

"பொதுவா."

"பொதுவான்னா இன்னா? பேதியானா உப்புச் சக்கரை தண்ணி குடுன்னாங்களே, அதுவும் ஆராய்ச்சிதான். அத்த ஒத்துக்கறேன். கொயந்த தொப்புளுக்கு ஒண்ணும் வெக்காதேன்னாங்களே, அத்த ஒத்துக்கமாட்டேன். நீ ரெண்டையும் ஒரே கட்டத்துல போட சொல்றே."

நான் 'மறுக்கிறேன்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். ஏழாவது வாக்கியம், "புதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை நான் தேடிப் படிக்கிறேன்."

"எங்க தேடறது? ரயில்ல சுண்டல் மடிச்சிக் குடுக்கற பேப்பர்லயா?"

அதற்கு 'முழுமையாக மறுக்கிறேன்'. இப்படியே நாற்பதும் முடிந்தன. இருநூறுக்கு எழுபத்தொன்று வந்தது.

அந்த வட்டாரத்தில் நான் கேட்ட முப்பத்தெட்டுச் செவிலியர்களில் அதுதான் மிகக் குறைந்த மதிப்பெண். சராசரி நூற்று அறுபத்து நாலு. பிலோமி என்ற பக்கத்துத் துணை நிலையச் செவிலியர் நூற்று எண்பத்தெட்டு வாங்கினார். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் கடகடவென்று குறி போட்டுவிட்டு, "ஆபீஸ்ல பாப்பாங்க இல்ல தம்பி, எதுக்கு வம்பு?" என்றார். அடைக்கலமேரி மேசையில் இருந்தது போலவே அவர் மேசையிலும் ஓர் ஊதா மருந்துப் புட்டி இருந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

அந்த ஊதா மருந்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி வெட்டிய இடம் புண் மாதிரி இருக்கும். அது காய்ந்து கொடி விழும்வரை சீழ் பிடிக்காமல் இருக்கச் செவிலியர்கள் ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார்கள். பல வருஷப் பழக்கம். 2001 மே மாதக் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தொப்புளில் எதையும் தடவ வேண்டாம், சுத்தமாக, ஈரமில்லாமல் விட்டால் போதும், ஆராய்ச்சிகள் அப்படித்தான் சொல்கின்றன என்றது அது. ஊதா மருந்து சப்ளையும் நின்றது. நாற்பது கேள்வியும் முடிந்த பிறகு அடைக்கலமேரி சொன்னது இது.

"அஞ்சு மாசம் நானும் அப்டியே வுட்டேன், நைனா. இன்னா ஆச்சு தெரியுமா? நாம ஒண்ணும் வெக்கலன்னா வூட்டுல கெய்விங்க சும்மா இருப்பாங்களா? ஒருத்தி முகப் பவுடர் வெச்சா. ஒருத்தி மஞ்சா வெச்சா. மலர்க்கொடின்னு ஒரு பொண்ணு, மொத புள்ள. அவ மாமியா சாம்பலை வெச்சிச்சு. அடுப்பு சாம்பல் இல்ல. கரண்டு பண்றாங்களே, அந்தச் சாம்பல்."

வள்ளூர்ப் பக்கத்தில் அந்தச் சாம்பல் எல்லார் வீட்டிலும் இருக்கும். மின் நிலையம் சாம்பலைக் கொட்டும் குட்டையிலிருந்து அள்ளி வந்து, சலித்து, டப்பாவில் போட்டு வைத்துப் பாத்திரம் தேய்ப்பார்கள். மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். நெருப்பில் வெந்து வந்ததில் அழுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்த அந்த மாமியார், பவுடருக்குப் பதிலாக அதை எடுத்துப் பேரனின் தொப்புளில் வைத்துவிட்டார். ஏழாம் நாள் சீழ். பதினோராம் நாள், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் குழந்தை இறந்துவிட்டது.

"அந்தக் கொயந்தைய அந்த சர்க்குலர்தான் சாவடிச்சிச்சு. அப்பால நானே திருவொத்தியூர்ல கைக்காசு போட்டு மருந்து வாங்கிட்டேன். ஊதா போட்டுட்டா, மருந்து போட்டாச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். எவளும் அது மேல கை வெக்கமாட்டா. இன்னிக்கும் போட்டுகினுதான் கீறேன். எய்திக்க."

எழுதிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் 'வேறு கருத்துகள்' என்று ஓர் இடம் இருந்தது. அதில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். பெயரோ ஊரோ எழுதக் கூடாது என்பது விதி. ஆனால் எந்தத் தாள் எந்த ஊரில் வாங்கியது என்று பின்னால் குழம்பக் கூடாதே என்று ஓரத்தில் பென்சிலால் 'வள்ளூர்' என்று குறித்து வைத்தேன். அழித்துவிடலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

ஆகஸ்டில் மறுபடியும் போனேன். இரண்டாம் சுற்றுக் கேள்விகள். அடைக்கலமேரி என்னைப் பார்த்ததும் எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மெமோ. அரசுச் சுற்றறிக்கைக்கு மாறாகத் தடைசெய்த மருந்தை வெளியில் வாங்கிக் குழந்தைகளுக்குப் போட்டது ஏன், ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

"உன் பேப்பர்தான் நைனா. உங்க ஆபீஸ்ல ஏதோ மீட்டிங்காம். எங்க பெரிய ஆபீசரு வந்திருந்தாராம். ஓரமா வள்ளூருன்னு அழகா எய்தி வெச்சிருந்தியாமே. எம்.எஸ்சி. கையெய்த்து நல்லாத்தான் கீது."

மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு, நான் சொன்னதைத்தானே எய்தினே," என்றார். அதோடு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிலோமியும் அன்று அங்கே வந்திருந்தார். "தெரியாம பண்ணிட்டேன், இனிமே பண்ணமாட்டேன்னு ரெண்டு வரி எய்திக் குடுத்துடு மேரி. எச்சரிக்கையோட வுட்டுடுவாங்க. வாயக் குடுத்தா பள்ளிப்பட்டுக்குத் தூக்கி அடிப்பாங்க."

பள்ளிப்பட்டு அதே மாவட்டம்தான், ஆனால் மறுகோடி. ஆந்திர எல்லை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரம் இல்லை. அடைக்கலமேரிக்கு அது ஏன் முடியாது என்பதற்குக் காரணம் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு கட்டிலில் படுத்திருந்தது.

அவருடைய கணவர் பாஸ்கல் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர். 1997இல் கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கும் ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யவில்லை. அடைக்கலமேரி காலை ஐந்துக்கு எழுந்து அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு வைத்துவிட்டு திருவொற்றியூரில் ரயில் ஏறுவார். பகலில் பாஸ்கலின் தங்கை ஜூடி ராயபுரத்திலிருந்து வந்து பார்த்துக்கொள்வார். துணை நிலையத்துச் செவிலியர் அங்கேயே தங்க வேண்டும் என்பது விதி. அடைக்கலமேரி தங்குவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், விட்டுவைத்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் ராயபுரத்தில் பிறந்து, பத்தாவது முடித்து, நர்ஸ் பயிற்சி எடுத்து, 1983இல் வேலைக்கு வந்தவர். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட விளக்கம் கேட்டு மெமோ வாங்கியதில்லை.

"மன்னிப்பு கேக்க மாட்டேன். நான் போட்டது சரின்னு காட்டறேன்," என்று அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். இருநூறு பக்க நோட்டு. அரசாங்கப் பதிவேடு இல்லை, அவராக எழுதியது. ஒரு குழந்தைக்கு ஒரு வரி. பிறந்த தேதி, எடை, தொப்புளில் என்ன இருந்தது, எத்தனையாம் நாள் கொடி விழுந்தது, சீழ் உண்டா இல்லையா. 1999 ஜனவரியிலிருந்து இருந்தது.

"எதுக்கு சிஸ்டர் இதை எழுதறீங்க?"

"மறந்துடும் இல்ல?"

முப்பத்தெட்டுப் பேரிடம் நாற்பது நாற்பது கேள்வி கேட்டு எழுதிய என் தாள்களைவிட அந்த நோட்டு சுத்தமாக இருந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னால் வந்த வினை, என் படிப்பாலேயே தீரப் போகிறது என்று நினைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் இருவரும் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தோம். அவர் படிப்பார், நான் கோடு போடுவேன்.

ஊதா போட்ட முதல் காலத்தில் நூற்றுப் பதினெட்டுக் குழந்தைகள், நாலு பேருக்குச் சீழ். ஒன்றும் போடாத ஐந்து மாதத்தில் இருபத்து மூன்று குழந்தைகள், ஐந்து பேருக்குச் சீழ், அதில் ஒன்று சாவு. மறுபடி ஊதா போட்ட பத்து மாதத்தில் நாற்பத்து நாலு, ஒன்றுக்குச் சீழ்.

"பாத்தியா?" என்றார் அடைக்கலமேரி.

"இதை அப்படியே எழுதிக் கொடுத்தா போதும் சிஸ்டர். யாரும் பதில் பேச முடியாது."

அவர் நோட்டை மூடவில்லை. சீழ் வந்த ஐந்து வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சின்னச் சின்ன டிக் குறிகள் இருந்தன. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தாரா இல்லையா என்பது. நான் அதை எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றவுமில்லை.

"இரு. இந்த அஞ்சுலயும் மூணாம் நாளு டிக்கு இல்ல."

"எங்க?"

"இதோ. சாந்தி கொயந்த, போகல. இது போகல. இது போலியோ சொட்டு மருந்து கேம்பு, போகல. மலர்க்கொடி..." நிறுத்தினார். "போகல."

திரும்ப எண்ணினோம். இந்தத் தடவை அவர் கோடு போட்டார், நான் படித்தேன். ஒன்றும் போடாத காலத்து இருபத்து மூன்றில், மூன்றாம் நாள் அவர் போய்ப் பார்த்த வீடுகள் எட்டு. அந்த எட்டில் ஒன்றுக்கும் சீழ் இல்லை. கொடியும் ஆறு ஏழு நாளில் விழுந்திருந்தது. ஊதா போட்டவர்களுக்கு விழப் பத்து, பதினொன்று ஆகியிருந்தது. போகாத வீடுகள் பதினைந்து. ஐந்து சீழும் அந்தப் பதினைந்தில்தான். ஊதா போட்ட காலங்களிலும் அவர் போகாத வீடுகள் மொத்தமே பதினெட்டு. அந்தக் காலத்துச் சீழ் ஐந்தில் நாலு அந்தப் பதினெட்டில் இருந்தன.

"மருந்து போடணும்னு இருந்தப்ப, போயே ஆவணும். மூணாம் நாளு மறுபடி தொட்டு வெக்கணும் இல்ல? போனா, துணிய பாப்பேன், ஈரத்தைப் பாப்பேன், எவ எத்த வெச்சிருக்கான்னு பாப்பேன், ரெண்டு ஏச்சு ஏசிட்டு வருவேன். மருந்து வேணாம்னு சொன்னப்பறம் கையை வீசிகினு போயி இன்னா பண்றதுன்னு வுட்டுட்டேன்." பேனாவை வைத்தார். "ஊதாவும் இல்ல, சர்க்குலரும் இல்ல, நைனா. நான் போகல."

நான் என் அறிவைக் காட்டினேன். "சிஸ்டர், முதல்ல எண்ணினோமே, அதுவும் பொய் இல்லையே. அதை மட்டும் கொடுங்க. உங்ககிட்ட மருந்து ஏன் போட்டீங்கன்னுதானே கேட்டிருக்காங்க? வீட்டுக்குப் போனீங்களான்னு யாரும் கேக்கலையே."

"போகலன்னு நானே எய்திக் குடுத்தா?"

"அது வேலையில தவறினதா ஆயிடும். மருந்து போட்டதைவிடப் பெரிய குத்தம். கண்டிப்பா மாத்திடுவாங்க."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்தார். நானும் கூடப் போனேன். காலடிப்பேட்டை வரைக்கும் வா, டீ குடிச்சிட்டுப் போ என்றார்.

பாஸ்கல் அண்ணனை அன்றுதான் பார்த்தேன். தலையணையில் சாய்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் இன்னும் மூட்டை தூக்குகிறவர் கைகளாகவே இருந்தன. அடைக்கலமேரி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் ரேடியோவைக் குறைத்தார்.

"இந்தத் தம்பிதான் போட்டுக் குடுத்ததா?"

"ஆமா."

"இப்ப காப்பாத்தவும் வந்துகீறாரா? ஆல்ரவுண்டருதான்." என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். "நீ போகலன்னு எய்தினா பள்ளிப்பட்டு. எய்தலன்னா நீ ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுப்பே. எனக்கு ரெண்டும் பேஜாருதான். பள்ளிப்பட்டுல மீனு கெடைக்குமா?"

"ஏரி மீனு கெடைக்கும்."

"அதெல்லாம் ஒரு மீனா?"

"பாஸ்கலு, நான் இத்த ஜெயிச்சா இன்னா ஆவும் தெரியுமா? ஊதாதான் காப்பாத்திச்சுன்னு ஆயிடும். அத்தப் பாத்துட்டு பிலோமியும் மத்தவங்களும் புட்டியத் தொறந்து தடவிட்டு, ஒரு தபா போட்டாச்சுன்னு வூட்டுல குந்திப்பாங்க. அந்த மலர்க்கொடி இப்ப மறுபடி உண்டாயி ஏழு மாசம்."

பாஸ்கல் ரேடியோவை அணைத்துவிட்டு, "மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போயி சொல்லு. அப்பால ஆபீசுக்கு எய்து," என்றார்.

மறுநாள் காலை அடைக்கலமேரி மலர்க்கொடி வீட்டுக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார், ஏன் என்று தெரியாது. ஒருவேளை தனியாகப் போகத் தயக்கமாக இருந்திருக்கலாம். சாம்பல் லாரி போகிற சாலையை ஒட்டிய ஓட்டு வீடு. மலர்க்கொடி வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். அவளுடைய மாமியார் பட்டம்மாள் அடுப்படியிலிருந்து வந்து சுவரோரம் நின்றுகொண்டார். ஒடிசலான உடம்பு.

"உக்காரு நர்சம்மா. ஊசியா?"

"ஊசி இல்ல. உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு சொல்லணும். போன வருசம் கொயந்த பொறந்து ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும், மூணாம் நாளு நான் இங்க வந்து பாத்திருக்கணும். வரல. வந்திருந்தா அந்தச் சாம்பலைப் பாத்திருப்பேன். துடைச்சி வுட்டிருப்பேன். இத்தினி நாளா சர்க்குலரு, சர்க்குலருன்னு சொல்லிகினு இருந்தேன். அது இல்ல. நான் வராததுதான்."

மலர்க்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டம்மாள்தான் பேசினார்.

"ஒரு வருசமா இந்தத் தெருவுல தண்ணி புடிக்கப் போனா, பேரனை சாம்பல் வெச்சிக் கொன்னவன்னு என் காதுபட பேசறாளுங்க. எம் புள்ள எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல. நீ இன்னிக்கு வந்து சொல்றே."

"ஆமாம்மா."

"வெச்சது நான்தானே. நீ வந்து சொல்லிட்டா அது இல்லன்னு ஆவுமா?"

"ஆவாது. ஆனா எனக்கும் அதுல பங்கு கீது. தெருவுல நானே சொல்றேன்."

லாரி ஒன்று போனது. மலர்க்கொடி கேட்டாள், "இதுக்கு இன்னா வெக்கறது, நர்சம்மா?" வயிற்றில் கை வைத்தபடியே கேட்டாள்.

"ஒண்ணும் வெக்க வேணாம். காய வுடணும். நான் மூணாம் நாளு வருவேன், அஞ்சாம் நாளு வருவேன், ஏழாம் நாளும் வருவேன்."

"ஒண்ணுமே வெக்காம எப்டி?" என்றார் பட்டம்மாள். "பாக்க வர்றவ எல்லாம், இன்னா பட்டம்மா, பச்ச ரணத்த தொறந்து வுட்டுகீறேன்னு கேப்பாளுங்க. அவளுங்களே ஆளுக்கொண்ணு கொண்டாந்து வெச்சிடுவாளுங்க. ஊதா இருந்தா, நர்சம்மா மருந்து போட்டுகீறாங்க, தொடாதேன்னு சொல்லலாம்."

"அதுக்காவ ரணத்துல போட முடியாதும்மா."

"ரணத்துல வேணாம், காலுல வையேன். நாங்க திருஷ்டிக்கு உள்ளங்கால்ல மை வெக்கறதில்ல? மைக்குப் பதிலா உன் ஊதாவை வையி. காலைப் பாத்தா நர்சு வந்துட்டுப் போயிட்டான்னு தெரிஞ்சிக்கட்டும்."

கிண்டலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அடைக்கலமேரி சிரிக்கவில்லை. "ஒவ்வொரு தபா வரும்போதும் ஒரு பொட்டு," என்றார் மெதுவாக. "மூணு பொட்டு இருந்தா, மூணு தபா வந்தேன்னு அர்த்தம். வரலன்னா நீங்களே என்னைக் கேக்கலாம்."

"கேக்காம வுடுவேனா?" என்றார் பட்டம்மாள்.

அன்று மத்தியானமே விளக்கத்தை எழுதினார். இரண்டு பக்கம். நான் உதவி செய்கிறேன் என்று சொன்னதற்கு வேண்டாம் என்றார். எழுத்துப் பிழை மட்டும் பார்க்கச் சொன்னார். அதில் இருந்த சில வரிகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

"சுற்றறிக்கையை ஐந்து மாதம் கடைப்பிடித்தேன், பிறகு மீறினேன். ஊதா மருந்து போட்டதால் குழந்தைகள் நன்றாக இருந்தன என்று நம்பினேன். என் குறிப்புகளை எண்ணிப் பார்த்ததில் அது சரியல்ல என்று தெரிகிறது. மூன்றாம் நாள் நான் வீட்டுக்குப் போன குழந்தைகள் நன்றாக இருந்தன. போகாத வீடுகளில் சீழ் வந்தது. போகாதது என் தவறு. சுற்றறிக்கை சொல்வது சரி. ஆனால் மருந்தை நிறுத்தச் சொன்னபோது, வீட்டுக்குப் போவதை நிறுத்தக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று சொன்னேன். எடுக்கவில்லை. நோட்டையும் கூட வைத்து அனுப்ப நினைத்தார். கேட்டால் காட்டிக்கொள்ளலாம் என்று தடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்த மூன்று மாதம் ஒரு பதிலும் இல்லை. அதற்குள் அந்தப் பகுதியில் பதினாலு குழந்தைகள் பிறந்தன. எல்லாக் குழந்தைகளின் காலிலும் ஊதாப் பொட்டு இருந்தது, தொப்புளில் ஒன்றும் இல்லை. ஒன்றுக்குக்கூடச் சீழ் வரவில்லை. பதினாலு என்பது எதையும் நிரூபிக்கிற எண்ணிக்கை இல்லை என்று அடைக்கலமேரியிடம் சொன்னேன். "நிரூபிக்க யாரு சொன்னா? எண்ணிகினு போவேன்," என்றார். நவம்பரில் மலர்க்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு. மூன்றாம் நாள் பத்து மணி வரை நர்சைக் காணோம் என்று பட்டம்மாள் துணை நிலையத்துக்கே வந்துவிட்டாராம். ரயில் தாமதம். இருவரும் பேசிக்கொண்டே சேர்ந்து நடந்து போனார்கள்.

மலர்க்கொடி குழந்தைக்குக் கொடி விழுந்த வாரத்தில் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி இடமாற்றம், பள்ளிப்பட்டு. உத்தரவை வாங்கப் போன இடத்தில் ஓர் அலுவலர், "மன்னிப்பு கேட்டிருந்தா எச்சரிக்கையோட போயிருக்கும், நீங்களே குத்தத்தை எழுதிக் குடுத்துட்டீங்க. நாங்க என்னம்மா பண்றது?" என்றாராம். வருத்தப்பட்டுத்தான் சொன்னார் என்று அடைக்கலமேரி என்னிடம் சொன்னார்.

எங்கள் நிறுவனத்தின் அறிக்கை அதற்கு அடுத்த மாதம் வெளிவந்தது. ஆராய்ச்சியைப் பயன்படுத்துவதில் செவிலியர்களின் மனப்பான்மை பெரும்பாலும் சாதகமாக இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. எழுபத்தொன்று மதிப்பெண் வாங்கியவர் மற்ற எல்லாரிலிருந்தும் மிகவும் விலகி இருந்ததால் அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அடிக்குறிப்பு. விலகி நிற்கும் எண்ணை நீக்குவது எங்கள் பாடத்தில் உள்ள முறைதான். அந்த அடிக்குறிப்பை எழுதியவன் நான். எழுதும்போது, அது யாருடைய தாள் என்றும், அவர் நோட்டில் என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். ஒரு பத்தி எழுதிச் சேர்க்கும்படி மேலாளரிடம் கேட்டேன். ஒரு செவிலியரின் சொந்த நோட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடியிருக்க வேண்டும்.

பாஸ்கலைக் கட்டிலோடு வேனில் ஏற்றிக்கொண்டு அவர்கள் 2003 ஜனவரியில் பள்ளிப்பட்டுப் பக்கம் போனார்கள். பாஸ்கல் வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டார். மாதம் ஒரு தடவை ஜூடி காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி, ஐஸ் போட்டு, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஜூடி இரண்டு வருஷம் கொண்டுபோனார். பிறகு முட்டி வலி வந்ததால் நிறுத்திவிட்டார். பாஸ்கல் இப்போது ஏரி மீன் சாப்பிடுகிறார், திட்டிக்கொண்டே.

வள்ளூர் இடம் பதினொரு மாதம் காலியாக இருந்தது. சாம்பல் பறக்கிற ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வர யாரும் இல்லை. பிலோமிதான் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். பட்டம்மாள் விடாமல் நச்சரித்ததால் காலில் பொட்டு வைப்பதை அவரும் செய்தார். மூன்றாம் நாள் போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது, "முடிஞ்ச வரைக்கும் தம்பி," என்றார். பிலோமி இப்போது பகுதிச் செவிலியராகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறார்.

இது 2008. அடைக்கலமேரிக்கு ஐம்பத்து நாலு வயது. பள்ளிப்பட்டு வட்டாரத்தில் ஒரு துணை நிலையத்தில் கிராமச் செவிலியராக இருக்கிறார். இந்த முறை அங்கேயே, நிலையத்தின் இரண்டாவது அறையில் பாஸ்கலோடு தங்கியிருக்கிறார். பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு தடவை அவர் பெயர் விடுபட்டது. காலடிப்பேட்டை வீட்டில் வேறொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறது.